பேச்சுக்கு ஒரு ஹெட்செட்

கடைக்காரர் ஹெட்செட்டைக் கையில் கொடுத்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்பது. பாஸ் நன்றாக இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது என்றால் பில் போடச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து பேசும் முதல் அழைப்பிலேயே சாயம் வெளுத்துவிடுகிறது. "ஹெட்செட்டக் கழட்டிட்டுப் பேசுங்களேன், ஒண்ணுமே புரியல" என்கிறார் மறுமுனையில் இருப்பவர்.

பாட்டுக்காக வாங்கினால் உங்கள் காது சொல்வதே தீர்ப்பு. போன் பேச வாங்கினால் தீர்ப்பு மறுமுனையில் இருப்பவர் கையில். உங்கள் குரல் அவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. ஆகவே பேச்சுக்கான ஹெட்செட்டில் முதலில் பார்க்க வேண்டியது மைக். ஸ்பீக்கர் அதற்கு அடுத்துத்தான். இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவை.

மறுமுனை சொல்லும் நான்கு புகார்கள்

தொழில்நுட்பம் எதுவும் தெரியாதவர்கூட உங்கள் ஹெட்செட்டின் குறையைச் சரியாகச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் கீழே உள்ள நான்கில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

"கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." மைக் வாயிலிருந்து தள்ளி இருந்தால் இப்படிக் கேட்கும். தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் விழும் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அப்படியே இருக்கிறது. கடைசியில் உங்களைவிட உங்கள் அறைதான் அதிகம் கேட்கிறது.

இதே புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு: குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக். ப்ளூடூத்தின் பழைய சிவிஎஸ்டி கோடெக்கில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். அந்தக் காலத் தொலைபேசியைப் போல ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் அதில் போய்ச் சேரும். 'எஸ்', 'எஃப்' என்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் போனில் படிக்கும்போது "சேலம் எஸ்" என்று விளக்கம் சொல்ல வேண்டி வருவது இதனால்தான். 2011-இல் வந்த எச்எஃப்பி 1.6 என்னும் ப்ளூடூத் விதிமுறை எம்எஸ்பிசி கோடெக்கைக் கொண்டுவந்து மாதிரிகளை 16,000 ஆக்கியது. 2023-இல் வந்த எச்எஃப்பி 1.9 இதை 32,000-க்கு உயர்த்த வழி செய்திருக்கிறது. வோல்டி அழைப்பு 7,000 ஹெர்ட்ஸ் வரை குரலைச் சுமக்கக்கூடியது. சிம் நிறுவனம் அகலமான பாதை போட்டுக் கொடுத்த பிறகும் ஹெட்செட் அதைக் குறுக்கிவிடக் கூடாது. 'எச்டி வாய்ஸ்' அல்லது 'வைட்பேண்ட்' என்று விவரப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

"விட்டு விட்டுக் கேக்குது." முதலில் ஹெட்செட்டைத் துண்டித்துவிட்டு, போனிலேயே பேசிப் பாருங்கள். அப்போதும் குரல் கட்டானால் குறை சிக்னலில் இருக்கிறது. போனில் சரியாக இருந்து ஹெட்செட்டில் மட்டும் கட்டானால் ப்ளூடூத் அலை தடைபடுகிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். வலது காதில் ஹெட்செட், இடது பின்பாக்கெட்டில் போன் என்று வைத்தால் நடுவில் உங்கள் உடம்பே சுவராக நிற்கிறது. போனை ஹெட்செட் இருக்கும் பக்கத்துக்கு மாற்றினால் பல நேரங்களில் புகார் தீர்ந்துவிடும்.

"பின்னாடி ஒரே இரைச்சல்." இங்கேதான் விளம்பரம் ஆளைக் குழப்பும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஏஎன்சி உங்கள் காதுக்கு வரும் வெளி இரைச்சலைக் குறைப்பது. மறுமுனைக்குப் போகும் இரைச்சலை அது தொடுவதில்லை. அதைக் குறைப்பது ஈஎன்சி. சில பெட்டிகளில் 'கால் நாய்ஸ் கேன்சலேஷன்' என்றும், குவால்காம் சிப் உள்ளவற்றில் 'சிவிசி' என்றும் எழுதியிருக்கும். இரண்டு மைக்குகளில் குரல் வந்து விழும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்து, வாயிருக்கும் திசையிலிருந்து வருவதைத் தக்கவைத்து மற்றதைத் தள்ளுவதே இதன் அடிப்படை. எனவே ஒரு காதுக்கு இரண்டு மைக்காவது இருக்க வேண்டும். 'நான்கு மைக்' என்று எழுதியிருந்தால் அது இரண்டு காதுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கா என்று கேளுங்கள்.

ஈஎன்சி-க்கும் எல்லை உண்டு. ஒரே சீராக ஓடும் மிக்ஸி, ஏசி போன்ற சத்தங்களை அது நன்றாக அடக்கும். குக்கர் விசில், பஸ் ஹாரன், பக்கத்தில் பேசுபவர் குரல் இவற்றிடம் திணறும். நம் வீடுகளில் அதிகம் தொல்லை தருவது சீலிங் ஃபேன். ஃபேனின் சத்தம் ஒரு பொருட்டல்ல. அதன் காற்று மைக் துளையில் நேராக மோதி எழுப்பும் படபடப்புதான் மறுமுனையில் புயலாகக் கேட்கிறது. நீண்ட மைக் உள்ள ஹெட்செட் என்றால் மைக் நுனியில் ஒரு பஞ்சு உறை மாட்டுங்கள். இயர்பட்ஸ் என்றால் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராமல் நகர்ந்து உட்காருங்கள்.

"நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது." உங்கள் ஸ்பீக்கரில் வரும் அவர் குரல் கசிந்து உங்கள் மைக்கில் விழுகிறது. ஒலியைக் குறையுங்கள், இயர்பட்ஸின் ரப்பர் காதுக்குப் பொருந்தும் அளவுதானா பாருங்கள். இரண்டும் செய்த பிறகும் எதிரொலி நின்றபாடில்லை என்றால் அந்த ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வடிவம்: மைக் எங்கே இருக்கிறது?

விமான ஓட்டிகளும் கால் சென்டர் ஊழியர்களும் இன்றுவரை வாய்க்கு முன்னால் நீளும் மைக்கைக் கைவிடவில்லை. உதட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிற்கும் மைக்குக்கு ஈடு வேறு இல்லை என்பதே காரணம். மற்ற வடிவங்கள் எல்லாம் தோற்றத்துக்காகவும் வசதிக்காகவும் அந்தத் தூரத்தை விட்டுக்கொடுத்து, இழந்ததை மென்பொருளால் ஈடுகட்டப் பார்ப்பவை.

தலையில் மாட்டும் நீண்ட மைக் ஹெட்செட்: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசுபவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. ஒரு காது மட்டும் மூடும் வகையில் வீட்டில் கூப்பிடுவதும் கேட்கும். பல மாடல்களில் மைக்கை மேலே தூக்கினால் மியூட் ஆகிவிடும். மீட்டிங் நடுவில் திரையில் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

ஒற்றைக் காது ஹெட்செட்: காதில் கொக்கி போல மாட்டிக்கொள்வது, குட்டை மைக் வாய்ப்பக்கம் நீளும். ஒரு காலத்தில் ப்ளூடூத் என்றாலே இதுதான். இயர்பட்ஸ் வந்த பிறகு மவுசு குறைந்தாலும், நடந்துகொண்டே பேசுபவர்களுக்கு இன்றும் நம்பகமானது. பிளான்ட்ரானிக்ஸின் வாயேஜர் 5200 இந்த வகையில் பெயர் பெற்றது. அதில் நான்கு மைக்குகள், எடை 20 கிராம்.

நெக்பேண்ட்: கழுத்தில் கிடப்பதால் தொலையாது, ஓடும் ரயிலின் வாசலில் விழாது, அழைப்பு வந்தால் அதிரும். பேட்டரியும் பெரியது. பேச்சு என்று வரும்போது இதன் பலவீனம் மைக் இருக்கும் இடம். பல நெக்பேண்டுகளில் அது காலர் எலும்பின் மேல் கிடக்கும் பொத்தான் பகுதியில் இருக்கிறது. சட்டைக் காலரோ துப்பட்டாவோ உரசும் ஒவ்வொரு முறையும் அங்கே சரசரப்பு. மைக் காதுக்கு அருகே வயரில் இருக்கும் மாடலாகத் தேடுங்கள்.

இயர்பட்ஸ்: கீழே காம்பு நீண்ட வகையில் மைக் வாய்க்குச் சற்று நெருங்கி வரும், பொத்தான் போன்ற உருண்டை வகையில் அந்த வசதி இல்லை. பேசத்தான் வாங்குகிறீர்கள் என்றால் காம்பு வைத்ததை எடுங்கள். காம்பு வாயின் ஓரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் திரும்பிக்கொண்டால் ஈஎன்சி உங்கள் குரலையே இரைச்சல் என்று தள்ளிவிடும். விலை கூடிய சில மாடல்களில் பேசும்போது எலும்பில் எழும் அதிர்வை உணரும் கருவியும் உண்டு. காற்று அடிக்கும் இடத்தில் அது கைகொடுக்கும்.

காது திறந்த வகை: ஷாக்ஸ் போன்றவை கன்ன எலும்பின் வழியே ஒலியைச் சேர்ப்பவை. காது மூடாததால் சுற்றி நடப்பது தெரியும். அதே காரணத்தால், சந்தடி மிக்க இடத்தில் மறுமுனைப் பேச்சைக் கேட்பது கடினம்.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

பாட்டுக்கான பெருமைகளை முதலில் ஒதுக்குங்கள். எல்டிஏசி, ஆப்டிஎக்ஸ் எச்டி, பெரிய டிரைவர் எல்லாம் பாட்டுக்கு. அழைப்பு வந்ததும் ப்ளூடூத் பாட்டுப் பாதையை விட்டு எச்எஃப்பி என்னும் பேச்சுப் பாதைக்கு மாறிவிடும். லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு திடீரென்று மங்குவதற்கும் இதுவே காரணம். ஹெட்செட் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ப்ளூடூத் 5.3 எழுதியதற்கும் 5.4 எழுதியதற்கும் பேச்சில் வித்தியாசம் தேடவும் வேண்டாம்.

பேட்டரி எண் அடுத்த பொறி. 'மொத்தம் 40 மணி நேரம்' என்பது இயர்பட்ஸில் கேஸையும் சேர்த்து, பாதி ஒலியில் பாட்டு கேட்டால் வரும் கணக்கு. பேசும்போது மைக்கும் ஈஎன்சி-யும் சேர்ந்து வேலை செய்வதால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். 'டாக் டைம்' என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். போடவில்லை என்றால் கேளுங்கள். இயர்பட்ஸில் ஒன்றை மட்டும் தனியாகப் பயன்படுத்த முடியுமா என்றும் பாருங்கள். ஒன்று காதில், ஒன்று கேஸில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நாள் முழுக்கப் பேசலாம்.

'மல்டிபாயின்ட்' என்ற சொல் இருந்தால் அது இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையும். வீட்டுக்கு ஒரு போன், தொழிலுக்கு ஒரு போன் வைத்திருப்பவர்களுக்கும், லேப்டாப்பில் மீட்டிங் நடக்கும்போதே போன் அழைப்பையும் எடுக்க வேண்டியவர்களுக்கும் இது அவசியம். 'சைடுடோன்' என்றால் பேசும்போது உங்கள் குரல் லேசாக உங்கள் காதிலும் விழும். இரண்டு காதும் அடைத்த ஹெட்செட்டில் இது இல்லாவிட்டால் நம்மை அறியாமல் கத்திப் பேசுவோம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஐபிஎக்ஸ்4 குறைந்தபட்சம். எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பது அதன் பொருள். சில பெட்டிகளில் இந்தத் தரம் இயர்பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்கு இல்லை. ஈரக் கையோடு கேஸில் போட்டு மூடாதீர்கள்.

காதுக்குக் கேடு வராமல்

நாளெல்லாம் பேசுபவர்கள் ஒலி அளவைக் கவனிக்க வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பேசும்போது இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஏஎன்சி உண்மையில் உதவுவது இங்கேதான்: வெளி இரைச்சல் குறைவதால் குறைந்த ஒலியிலேயே பேச்சு புரியும். ரப்பர் முனையை அடிக்கடி துடையுங்கள், அடுத்தவருடையதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால், அவருக்குத் தனியாக இயர்பட்ஸ் வாங்கும் முன் அந்த மெஷின் வாங்கிய இடத்தில் விசாரியுங்கள். புதிய மெஷின்கள் பலவும் ப்ளூடூத் வழியே நேராகப் போனோடு இணைகின்றன.

வண்டி ஓட்டும்போது

"கையில் போன் இல்லையே, பிறகென்ன" என்று நினைப்பவர்கள் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஹெட்செட் போட்டதால் ஆபத்து போய்விடாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டுவதை ஒத்த ஒரு பணியைச் செய்துகொண்டே போனில் பேசியவர்கள், பேசாதபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு சிக்னல்களைக் கவனிக்காமல் விட்டார்கள். போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை. கவனத்தைப் பிடுங்குவது பேச்சுதான். டூ வீலர் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் போட்டுப் பேசுவதைத் தவிருங்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரனும் சேர்ந்து அடைபட்டுவிடும். அவசர அழைப்பு என்றால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

கடையில் சோதிக்கும் முறை

பாட்டைப் போட்டுக் கேட்பதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது; முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பேனாவும் தாளுமாகத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

1. முதலில் ஹெட்செட் இல்லாமல் போனிலேயே பேசி, ஒரு வண்டி எண்ணையும் ஒரு ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். கேட்பவர் எழுதட்டும்.

2. ஹெட்செட்டை இணைத்து, கடைக்குள் நின்று வேறு எண்களைச் சொல்லுங்கள்.

3. கடை வாசலுக்கு வந்து, போக்குவரத்தைப் பார்த்து நின்று இன்னொரு முறை சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தடியான இடம் என்றால் சோதனை இன்னும் நன்றாக நடக்கும்.

4. தலையை இரண்டு பக்கமும் திருப்பி, போனை எதிர்ப்பக்கப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பேசுங்கள்.

5. இருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள். ஒருவர் குரல் முழுவதுமாக அமுங்கினால் அதில் வாக்குவாதமோ பேரமோ பேச முடியாது.

"நல்லாத்தான் கேக்குது" என்ற பதிலை ஏற்காதீர்கள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கடை வாசலிலிருந்து சொன்ன எண்களும் பிழையில்லாமல் வந்திருந்தால் அதுவே போதுமான மதிப்பெண்.

சுகாதாரத்தைக் காரணம் காட்டி இயர்பட்ஸைக் காதில் வைத்துப் பார்க்கக் கடைகள் பல அனுமதிப்பதில்லை. அப்படியானால் யூடியூபில் அந்த மாடலுக்கு மைக் சோதனைப் பதிவு இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கலாமா, மாற்றித்தான் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். பொருள் கைக்கு வந்த அன்றே மேலே சொன்ன சோதனையை வீட்டு வாசலில் செய்துவிடுங்கள்.

முத்திரை, பில், வாரண்டி

ஒயர்லெஸ் ஹெட்போன்களும் இயர்போன்களும் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. பெட்டியில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். எண் இல்லாத பெட்டியை, காதருகே லித்தியம் பேட்டரி வைக்கும் பொருளுக்காக வாங்க வேண்டாம்.

பில் கட்டாயம் வாங்குங்கள். வாரண்டி பேட்டரிக்கும் உண்டா, ஒரு பக்க இயர்பட் தொலைந்தால் அதை மட்டும் தனியாக விற்பார்களா, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாரண்டி இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பேச்சுக்கு வாங்கும்போது பணத்தை மைக்குக்குச் செலவழியுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பேசும் வேலை என்றால் நீண்ட மைக் ஹெட்செட், நடமாடிக்கொண்டே பேசினால் ஒற்றைக் காது ஹெட்செட் அல்லது காம்பு வைத்த இயர்பட்ஸ், தொலைத்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் மைக் காதருகே உள்ள நெக்பேண்ட். மைக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத பெட்டியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.